நூறு வருடத் தூக்கமும் முழு நைட்டும்: பழைய தேவதைக் கதையை இளையோருக்குத் திரும்பச் சொல்வது எப்படி

காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நூலகத்தில் சனிக்கிழமை மதியங்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கிறவர்கள் வருவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், தூங்கும் அழகி கதையை, அதாவது விருந்துக்கு அழைக்கப்படாதவள் இட்ட சாபத்தால் நூல் நூற்கும் கதிர் குத்தி நூறு வருடம் தூங்கும் இளவரசியின் கதையை, நம் ஊர்க் கதையாக மாற்றி எழுதிக்கொண்டு போனேன். இளவரசிக்குப் பொன்மணி என்று பெயர். அரண்மனை சிவன்மலை அடிவாரத்தில். இளவரசன் வெள்ளைக் குதிரையை விட்டுவிட்டு, காங்கயம் காளை பூட்டிய வில்வண்டியில் வந்தான். வாசித்து முடித்ததும் பத்தாவது படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"எங்கக்கா மில்லுக்குப் போகுதுங்க. முழு நைட்டு போட்டா தூக்கமே இல்லைங்குது. இந்தப் புள்ளைக்கு நூறு வருசம் தூங்கக் கெடச்சிருக்குது. அதெப்படீங்க சாபமாகும்?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பதிலும் வரவில்லை. பெயரையும் மலையையும் மாடுகளையும் மாற்றி வைத்தால் கதை நம்முடையதாகிவிடும் என்று நம்பித்தான் எழுதியிருந்தேன். நாலு பக்கத்தில் நான் கொண்டுவராத ஊரை அவள் ஒரே கேள்வியில் கொண்டுவந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து முதலிலிருந்து எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டதை, முதல்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். உதாரணமும் பெரும்பாலும் அதே கதைதான்.

இளையோர் என்று நான் சொல்வது பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை. ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் ஒரு சுற்று வந்து பாருங்கள். சிறுவர் அடுக்கு இருக்கும், பெரியவர் அடுக்கு இருக்கும். பத்தாவது படிக்கிற பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நின்று புரட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்காகத்தான் நாம் எழுதப் போகிறோம்.

முதலில் பழைய கதையைத் தேடிப் படியுங்கள்

நமக்குத் தெரிந்த தேவதைக் கதைகள் பெரும்பாலும் சினிமாவிலிருந்து வந்தவை. அதை ஓரமாக வைத்துவிட்டு, எழுத்தில் முதலில் வந்த வடிவங்களைத் தேடுங்கள். ஒரு கதைக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று.

தூங்கும் அழகிக்கு நான் எடுத்துக்கொண்டது மூன்று. இத்தாலியில் நேப்பிள்ஸைச் சேர்ந்த பாசிலே எழுதி, அவர் இறந்த பின் 1634-இல் வெளிவரத் தொடங்கிய தொகுப்பில் உள்ளது ஒன்று. பிரெஞ்சில் பெரோ 1697-இல் வெளியிட்டது இரண்டாவது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்டது மூன்றாவது. மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாசிலேயின் கதையில் அழைக்கப்படாத விருந்தாளியே கிடையாது. குழந்தையின் பலன் பார்க்க வந்த ஞானிகள், சணல்நாரால் இவளுக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாரின் சிம்பு நகக்கண்ணில் ஏறி அவள் விழுகிறாள். வேட்டைக்கு வந்த ராஜா தூங்குகிறவளை எழுப்ப முடியாமல், தூங்குகிறபடியே அவளைக் கெடுத்துவிட்டுப் போகிறான். தூக்கத்திலேயே இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. பால் தேடும் குழந்தை விரலைச் சப்பும்போது சிம்பு வெளியே வர, அவள் விழிக்கிறாள். பெரோவிடம் இளவரசன் வருகிறான், கட்டிலருகே மண்டியிடுகிறான், அவ்வளவுதான். சாபத்தின் காலம் முடிந்திருந்ததால் அவள் விழிக்கிறாள். முத்தமே இல்லை. அதற்குப் பிறகு ஒரு பாதிக் கதை இருக்கிறது: மாமியார் ஓர் அரக்கி, பேரப் பிள்ளைகளையும் மருமகளையும் சமைத்துத் தரச் சொல்கிறாள், சமையல்காரன் அவர்களை ஒளித்துவைத்துவிட்டு ஆட்டுக்கறியும் மான்கறியும் சமைத்து ஏமாற்றுகிறான். கிரிமிடம் மாமியார் கதை இல்லை, முத்தம் உண்டு. ஆனால் நூறு வருடம் முடிகிற அன்றைக்குத்தான் இளவரசன் வந்து சேர்கிறான். முன்னால் வந்தவர்களை முள்வேலி பிடித்துக் கொன்றிருக்கிறது. இவனுக்கு மட்டும் பூவாகி வழிவிடுகிறது. அவன் வீரத்தால் ஒன்றும் நடக்கவில்லை, நாள் பார்த்து வந்திருக்கிறான்.

இப்போது ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் மூன்றிலும் மாறாதவற்றை எழுதுங்கள்: ஒரு பெண்குழந்தை, அவளைப் பற்றிய ஒரு முன்சொல், நூற்கிற பொருள் ஒன்று, தூக்கம், வெளியிலிருந்து வரும் ஒருவன். மறுபக்கம் மாறுகிறவை: சாபமிட்டது யார், எத்தனை காலம், எழுப்பியது எது, எழுந்த பின் என்ன. இடப்பக்கம் கதையின் எலும்பு. அதில் கைவைத்தால் படிக்கிறவருக்குப் பழைய கதை அடையாளம் தெரியாது. வலப்பக்கம் நானூறு வருடமாக ஆளாளுக்கு மாற்றி வந்திருக்கிறார்கள். அங்கே உங்களுக்கும் உரிமை உண்டு.

இந்தக் கதையின் சொந்தக்காரக் கதைகளைத் தேட ஒரு வழி இருக்கிறது. நாட்டார் கதைகளை வகைப்படுத்தி எண் கொடுக்கும் ஓர் அட்டவணையை ஆர்னே 1910-இல் தொடங்கினார். தாம்சன் விரித்தார், ஊத்தர் 2004-இல் திருத்தி எழுதினார். மூவர் பெயரின் முதலெழுத்தால் அதை ஏ.டி.யு. என்பார்கள். தூங்கும் அழகி 410, சிண்டரெல்லா 510ஏ, சிவப்புத் தொப்பிக்காரி 333. எண்ணைப் போட்டு இணையத்தில் தேடினால் வேறு வேறு நாட்டு வடிவங்கள் கிடைக்கும்.

உரிமை பற்றிச் சுருக்கமாக: பெரோ, கிரிம், ஆண்டர்சன் எல்லாருடைய மூலங்களும் காப்புரிமை முடிந்தவை. இந்தியச் சட்டத்தில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரைதான் காப்பு. ஆனால் புதிய மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, சினிமா சேர்த்ததற்கும் உண்டு. கிரிமின் வெண்பனி (ஸ்னோ ஒயிட்) கதையில் ஏழு குள்ளர்களுக்குப் பெயரே இல்லை. 1937-இல் வந்த படத்தில் கேட்ட பெயர்கள் அந்தப் படத்துக்குச் சொந்தம். மூலத்தில் இல்லாத எதையும் எடுக்காமல் இருந்தால் தொல்லை இல்லை.

அப்புறம், உறுத்துகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கதையைப் படிக்கும்போது எங்கே மனம் ஒரு நொடி நிற்கிறதோ, அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். கேள்வியாக எழுதினால் நல்லது. சிண்டரெல்லாவின் அப்பா பெரோ கதையிலும் கிரிம் கதையிலும் உயிரோடுதான் இருக்கிறார். மகள் அடுப்புச் சாம்பலில் படுக்கும்போது அவர் எங்கே இருந்தார்? தவளை இளவரசன் கதையில் கிரிம் சொல்வது முத்தம் அல்ல, அவள் தவளையைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள். அவ்வளவு கோபம் யார் மேல்? தவளையைப் படுக்கைக்குக் கொண்டுபோகச் சொன்ன அப்பா மேல்தானே?

இளையோருக்கு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவரச் சொன்னவள், 1812 பதிப்பில் பெற்ற தாய். வெண்பனியைக் கொல்லச் சொன்னவளும் பெற்ற தாய்தான். பின்னால் வந்த பதிப்புகளில் கிரிம் சகோதரர்கள் இருவரையும் மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். சின்னக் குழந்தைக்கு அது ஒருவேளை சரி. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெற்றவர்களும் தவறு செய்வார்கள் என்பது தெரிய ஆரம்பித்திருக்கும். அதைச் சொல்ல ஆளில்லாமல்தான் அது தவிக்கும். எனவே நான் சித்தி என்ற திரையை எடுத்துவிடச் சொல்வேன்.

வயதையும் பாருங்கள். கிரிம் கதையில் வெண்பனிக்கு ஏழு வயது. ராபுன்சலைக் கோபுரத்தில் அடைக்கும்போது பன்னிரண்டு. தூங்கும் அழகிக்குப் பதினைந்து. இங்கே அது பொதுத்தேர்வு வயது. மேலே படிக்கவைப்பதா, மில்லுக்கு அனுப்புவதா, மாப்பிள்ளை பார்ப்பதா என்று வீட்டில் மெதுவாகப் பேச்சு எழும் வயது. இளையோர் கதைக்கு இவளைவிடப் பொருத்தமானவள் கிடைக்க மாட்டாள்.

எங்கள் கதைக்கு உறுத்தல் அந்தப் பெண்ணே கொடுத்துவிட்டாள்: தூக்கம் எப்படிச் சாபமாகும்? கேள்வி ஒன்று போதும். இரண்டு மூன்று கேள்வியைக் கட்டிக்கொண்டு ஒரு கதையில் ஓட முடியாது. மற்றவற்றை நோட்டில் வையுங்கள், அடுத்த கதைக்கு ஆகும்.

மண்ணில் இறக்குவது

இதில்தான் நிறைய நேரம் செலவழியுங்கள். கதையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இது இங்கே எதுவாக இருக்கும், யார் கையில் இருக்கும், அதனால் யார் பிழைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

நூல் நூற்கும் கதிரை எடுத்துக்கொள்வோம். இளவரசியைக் காப்பாற்ற ராஜா நாட்டிலுள்ள கதிரையெல்லாம் எரிக்கச் சொல்கிறான். ஐரோப்பியக் கதையில் இது ஒரு வரி. கொங்கு நாட்டில் கதிரை எரித்தால் என்ன ஆகும்? கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. கோவையில் நூல், சோமனூரில் தறி, திருப்பூரில் பனியன், கரூரிலும் சென்னிமலையிலும் போர்வை, பவானியில் ஜமக்காளம். கதிர் நின்றால் அடுப்பு நிற்கும். ஒரு ராஜா தன் மகளுக்காகக் கதிரை எரிக்கிறான் என்றால் எத்தனை வீட்டு மகள்கள் பட்டினி? எங்கள் கூட்டத்தில் ஒரு பையன், "அப்ப ராசா மக தூங்கலீன்னா ஊரே தூங்காதுங்க" என்றான். கதை அங்கேயே பாதி மாறிவிட்டது.

அரண்மனை வேண்டாம் என்று முடிவு செய்தோம். மில் விடுதி போதும். வெளியூர்ப் பெண்பிள்ளைகளை மூன்று வருடம் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு இந்தப் பக்கம் பரவலாக இருந்தது. சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் சொல்வார்கள். பூட்டிய கேட், வாரம் ஒரு ஃபோன், எண்ணிக்கொண்டிருக்கும் நாட்கள். இதற்கு மேல் கோபுரத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஒரு ரிங் ஃபிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும். அறுகிற இழையை ஓடி ஓடி ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் கதிர் குத்தும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது அழைக்கப்படாத விருந்தாளி. பெரோவிடம் ஏழு தேவதைகளை அழைத்திருக்கிறார்கள், எட்டாவது கிழவியை மறந்துவிட்டார்கள். கிரிமிடம் பதின்மூன்று பேர், தங்கத் தட்டு பன்னிரண்டுதான், அதனால் ஒருத்தியை விட்டுவிட்டார்கள். இதை நம் ஊருக்கு விளக்கவே வேண்டாம். பத்திரிகை வைக்காமல் விட்டதற்கும், வைத்த விதம் சரியில்லை என்பதற்கும் மூன்று தலைமுறை பேசாத ஒரம்பரைகளை எல்லாருக்கும் தெரியும். ஆனால் வேண்டுமென்றே அழைக்காமல் விடப்படுகிறவர் யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு பெண், "புருசன் செத்த அத்தையைக் கூப்பிட மாட்டாங்க" என்றாள். "கூப்புட்டாலும் முன்னால வந்து நிக்காது."

அப்படித்தான் எங்கள் பதின்மூன்றாவது ஆள் கிடைத்தாள். சீர் நடக்கும் வீட்டின் பொடக்காலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் அத்தை. குழந்தைக்கு அவள் கொடுத்தது சாபமா வரமா என்று முதல் அத்தியாயத்தில் சொல்லாமல் விட்டோம்.

பிறகு முள்வேலி. கிரிம் கதையின் ரோஜா முள்ளை அப்படியே கொண்டுவராதீர்கள். நம் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, சுற்றிக் கிளுவை வேலி இருக்கிறது. கோடையில் இலை உதிர்த்து வெறும் முள்ளாக நிற்கும். ஒரு மழை விழுந்தால் பச்சைக் கட்டிவிடும். வேலி வழிவிடுவதற்கு இளவரசன் வர வேண்டியதில்லை, மழை வந்தால் போதும் என்று ஒரு எட்டாவது படிக்கும் பையன் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அவன் மாடு மேய்க்கிற பையன். நான் எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் அது எனக்குத் தோன்றியிருக்காது.

வேறு கதை எடுக்கிறவர்களுக்கும் இதே வழிதான். சிவப்புத் தொப்பிக்காரியின் காட்டை இட்டேரியாக எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, நடுவே வண்டித்தடம், பொழுதோட ஆனால் எதிரே வருகிறவர் முகம் தெரியாது, திரும்பவும் இடமிருக்காது. பெரோவின் ஓநாய் அங்கேயே அவளைத் தின்னாததற்குக் காரணம் பக்கத்தில் மரவெட்டிகள் இருந்ததுதான். அதனால் அது இனிக்கப் பேசி, பாட்டி வீடு எங்கே என்று வழி கேட்கிறது. கதை முடிவில் பெரோ வெளிப்படையாகவே எச்சரிக்கிறார்: சாதுவாகப் பேசும் ஓநாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஊர் ஊராக வந்து, வீட்டில் எத்தனை பொம்பளைப் பிள்ளைகள் என்று அன்பாக விசாரிக்கும் மில் புரோக்கர் ஞாபகத்துக்கு வருகிறாரா? ஃபோனில் வரும் முகம் தெரியாத நண்பனும் வழிதான் கேட்கிறான்.

மந்திரத்துக்கு ஒரு விதி

மந்திரம் இல்லாமல் எழுதினால் அது வேறு வகைக் கதை, தேவதைக் கதை ஆகாது. ஆனால் ஒரே ஒரு மந்திரம், அதற்கு ஒரே ஒரு விதி. எங்கள் கதையில் விதி இது: அவள் கையில் கதிர் குத்தினால் அவளைத் தவிர மற்ற எல்லாரும் தூங்குவார்கள்.

மந்திரத்தைப் பார்த்துக் கதைக்குள் இருப்பவர்கள் எவ்வளவு ஆச்சரியப்பட வேண்டும் என்பது புதிதாக எழுதுகிறவர்களுக்கு வரும் குழப்பம். சிவன்மலைக் கோயிலின் உத்தரவுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்தர் ஒருவரின் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்வார். பூக்கேட்டு உறுதிசெய்த பிறகு அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் வேறொன்று வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண் வந்திருக்கிறது, தண்ணீர் வந்திருக்கிறது. கனவில் சாமி வந்தாரா என்று இங்கே யாரும் வாய் பிளப்பதில்லை. தண்ணீர் வந்ததே, மழைக்கா வெள்ளத்துக்கா என்றுதான் டீக்கடையில் பேச்சு நடக்கும். மந்திரத்தை அப்படி எழுதுங்கள். நடந்ததைப் பற்றிச் சந்தேகம் இருக்கக் கூடாது, அதற்கு என்ன பொருள் என்பதில் ஊர் ரெண்டுபட வேண்டும்.

யார் முடிவெடுக்கிறார்கள்

பழைய கதையில் தூங்கும் அழகி எதையும் முடிவு செய்வதில்லை. குத்துப்படுகிறாள், தூங்குகிறாள், எழுப்பப்படுகிறாள், கட்டிக்கொடுக்கப்படுகிறாள். இளையோர் கதையில் நடுப்பகுதியில் ஓர் இடத்தில் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை தானே முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவில் இரண்டு பக்கமும் இழப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது என்றால் படிக்கிற பிள்ளை இரண்டாவது பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடும்.

எங்கள் கதையில் விடுதியே தூங்குகிறது. இரவில் கதிரெல்லாம் நிற்கிறது. அவள் ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். எழுப்பும் வழி அவளுக்கு மட்டுமே தெரியும். எழுப்பினால் மறுபடியும் முழு நைட்டு. எழுப்பாவிட்டால் நாள் கணக்கு நின்றுபோகும். பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் அக்காவுக்கு மூன்று வருடம் முடிய இன்னும் நாற்பது நாள்தான். அந்தப் பணத்தை நம்பித்தான் அவள் வீட்டில் கடன் வாங்கியிருக்கிறார்கள். நான்கு சனிக்கிழமை இதை வைத்துப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். "தூங்கட்டும்" என்று ஒரு கட்சி, "கேக்காம எப்படித் தூங்கவைக்கலாம்?" என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியின் கேள்வி பாசிலேயின் ராஜாவரைக்கும் போய்த் தொட்டது. தூங்குகிறவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதுதானே அந்தக் கதையின் கொடுமை?

இளவரசனை என்ன செய்வது என்ற கேள்வி வரும். அவனால் ஒன்றும் நடக்கவில்லை என்று பெரோவும் கிரிமும் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள், அதனால் துணிந்து எடுத்துவிடலாம். வைத்துக்கொள்வதானால், கல்யாணத்தில் முடிக்காதீர்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகாமல் கல்யாணம் சட்டப்படி குற்றம். அதைச் சந்தோஷ முடிவாக எழுதிப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது பெரிய தவறு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராஜா மகளை யாரென்று தெரியாத ஒருவன் கட்டிக்கொள்வது ஐரோப்பியக் கதையில் சாதாரணம். இங்கே அவன் யார் என்று ஊர் முதலில் கேட்கும். சாதி விட்டுக் காதலித்ததற்காகப் பிள்ளைகள் கொல்லப்பட்ட மண் இது. காதலை எழுதுகிறவர் அந்தக் கேள்வியைக் கதைக்குள் வரவிட வேண்டும், அல்லது காதலில்லாத கதையை எழுத வேண்டும். சாதியே இல்லாத ஒரு கொங்குக் கிராமத்தைக் கற்பனை செய்து எழுதினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர்கள் அந்தத் தெருக்களில்தான் நடந்து வருகிறார்கள்.

பேச்சு

கதை சொல்லும் வரிகளை எளிய எழுத்துத் தமிழில் வையுங்கள். உரையாடலில் கொங்குப் பேச்சை விடுங்கள். பொருள்களுக்கு மட்டும் ஊர்ச்சொல் எல்லா இடத்திலும் வரலாம்: சாளை, வலசு, தொண்டுப்பட்டி, அப்புச்சி, அமுச்சி. பக்கத்தில் பொருள் எழுதி விளக்காதீர்கள். அமுச்சி சாளைத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறாள் என்றால் மதுரைப் பிள்ளைக்கும் புரியும்.

'ங்க' என்ற ஒட்டை மட்டும் தனியாகக் கவனியுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டால் சினிமாக் கோயம்புத்தூர் ஆகிவிடும். அது யார் யாருக்குச் சொல்வது என்பதில் ஒரு முழுச் சரித்திரம் இருக்கிறது. எழுபது வயதுப் பெரியவர் நிலத்துச் சொந்தக்காரர் வீட்டுச் சின்னப் பையனைப் பார்த்து 'வாங்க' என்பார், பையன் அவரை 'வா' என்பான். பிள்ளைகள் இதைத் தினமும் கேட்கிறார்கள். எங்கள் கதையில் நாயகி முழுக்கவும் சூப்பர்வைசரிடம் 'சரிங்க' என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரே ஓர் இடத்தில், 'ங்க' இல்லாமல், "முடியாது" என்பாள். அதற்கு மேல் அங்கே வர்ணனை தேவைப்படவில்லை.

நம் மண்ணின் கதையை எடுக்கிறவர்களுக்கு

ஐரோப்பாவுக்கு ஏன் போக வேண்டும், அண்ணன்மார் கதை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மாரின் தங்கை தங்காள், நடக்கப்போவதைக் கனவில் முன்னாலேயே காண்கிறாள். கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வீழ்த்த ஒரு சின்னப் பெண்நாய் துணைபோகிறது. அண்ணன்கள் களத்தில் விழுந்த பிறகு தேடிப் போகிறவளும் அவள்தான். தங்காள் வாயால் முழுக் கதையையும் சொன்னால் எவ்வளவு பெரிய இளையோர் நாவல் கிடைக்கும்!

ஆனால் கிரிம் கதையைப் போல இதை எடுத்துக் கையாள முடியாது. மணப்பாறை அருகே வீரப்பூரில் இவர்களை இன்றும் சாமியாகக் கும்பிடுகிறார்கள். படுகளத்தில் ஆட்கள் விழுந்து கிடப்பதும் அவர்களை எழுப்புவதும் இன்றும் நடக்கிறது. கதையில் பகைவர்களாக வருகிற வேட்டுவர்களும் நம் அக்கம்பக்கத்தில் வாழ்கிற மக்கள், அவர்கள் கதையைச் சொல்கிற விதம் வேறாக இருக்கும். எனவே உடுக்கை அடித்துப் பாடுகிறவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். 1965-இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கயம் பகுதிக் கிராமத்தில் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்துதான் அந்தக் கதையை எழுத்தில் கொண்டுவந்தார். நாமும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுத உட்காரக் கூடாது. முதல் கதையாக இதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று எழுதிக் கை பழகியபின் எடுங்கள்.

எழுத உட்காருவது

முதல் முயற்சி மூவாயிரம் வார்த்தைக்கு மேல் போக வேண்டாம். நாவல் பிறகு. கதையின் முதல் காட்சியைச் சாபத்திலிருந்து தொடங்காதீர்கள். படிக்கிறவருக்கு அது தெரிந்த கதை, அவர் காத்திருப்பார். நாயகியின் சாதாரண நாள் ஒன்றில் தொடங்குங்கள். அடையாளம் தெரிகிற பொருள் ஒன்று அந்தக் காட்சியில் சும்மா கிடக்கட்டும். எங்கள் கதை, அத்தை திண்ணையில் உட்கார்ந்து பழைய இராட்டையைத் துடைப்பதில் தொடங்குகிறது. இரண்டாவது வரியிலேயே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எழுதி முடித்ததும் சத்தமாக வாசியுங்கள். அமுச்சி கதை சொல்லும்போது நாம் 'ஊம்' கொட்டுவோம். ஊம் நின்றால் அவள் கதையை நிறுத்திவிட்டு, "தூங்கிட்டயா?" என்பாள். எதிரே இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து ஊம் கொட்டச் சொல்லுங்கள். ஊம் தளர்கிற இடத்தை நோட்டில் குறியுங்கள். பெரும்பாலும் அங்கே நீங்கள் விளக்கிக்கொண்டிருப்பீர்கள், யாரும் எதுவும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கதையில் வரும் வேலையைச் செய்கிற ஒருவரிடம் காட்டுங்கள். மில் கதை என்றால் மில்லுக்குப் போகிறவர், மஞ்சள் மண்டிக் கதை என்றால் மூட்டை தூக்குகிறவர். இதைத் தாண்டி எதையும் வெளியே அனுப்பாதீர்கள்.

முதலில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் அக்கா பொங்கல் லீவுக்கு வந்திருந்தபோது நூலகத்துக்கு வந்தாள். நோட்டை வாங்கி, நின்றபடியே படித்தாள். கதிரெல்லாம் நிற்கும் இரவைப் பற்றி, 'ஆலை முழுவதும் அமைதி சூழ்ந்தது' என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"மிஷின் நின்னா அமைதி வராதுங்க. காதுக்குள்ள ஙொய்யுன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பக்கத்துல இருக்கறவ மூச்சு விடறது கேக்கும்."

அந்தப் பக்கத்தை அன்றைக்கே திரும்ப எழுதினேன்.